குரோம்பேட்டையில ஒரு லெதர் சீட்!

முதல்ல ஒரு குட்டி டெஸ்ட் பாஸ்...

‘நம்ம வண்டி ஃபுல் லெதர் மச்சி!’ என்று சீன் போடுகிற ஒருத்தர் உங்கள் சொந்தத்தில் கட்டாயம் இருப்பார். அடுத்த தடவை அந்த காரில் ஏறும்போது ஏ.சி. காத்தில் மயங்கிடாம, சீட்டுக்கு அடியில மடிச்சுச் சொருகியிருக்கிற ஓரத்தை லேசா புரட்டிப் பாருங்க. பின்பக்கம் துணி நெசவு தெரியுதா? ஸாரி, அது லெதர் இல்லை. துணி மேல பி.வி.சி.யோ பாலியூரித்தேனோ பூசின ஷீட். நம்ம ஊர் பாஷையில ரெக்சின், ஷோரூம் பாஷையில லெதரெட். அப்படியில்லாம பின்பக்கம் நார் நாரா, சொரசொரன்னு இருந்தா... கங்கிராட்ஸ்! நீங்க நிஜமாவே ஒரு மாட்டு மேல உட்கார்ந்திருக்கீங்க.

இந்த ஞானமெல்லாம் எனக்குக் கிடைத்தது எங்க வீட்டு 1999 மாடல் மாருதி 800 புண்ணியத்தில். சிரிக்காதீங்க. 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கிற வரைக்கும் முப்பது வருஷம் ராஜ்ஜியம் பண்ணின வண்டி அது. 796 சி.சி., மூணே மூணு சிலிண்டர். எங்க வண்டியோட இன்ஜின் இன்னிக்கும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். ஆனா முன்சீட்? துணி கிழிஞ்சு, ஃபோம் பிதுங்கி, டிரைவர் பக்கம் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. “ஏதாவது ஒரு கவர் வாங்கி மாட்டு. இல்லேன்னா வண்டியைக் கொடுத்துடலாம்” என்றார் அப்பா.

“கவர் எல்லாம் வேணாம்ப்பா. ரெண்டு முன்சீட்டையும் நானே லெதர்ல தைக்கிறேன்.”

அப்பா சிரித்தார். அம்மா “செமஸ்டர் எப்போ?” என்றார். நான் சீரியஸாகத்தான் சொன்னேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன், டென்சைல் ஸ்ட்ரெங்த் என்று பக்கம் பக்கமாக எழுதியாச்சு. லேபில் பத்து பேர் சுற்றி நின்று, மெஷின் ஒரு இரும்புக் கம்பியை இழுத்து உடைப்பதை வேடிக்கை பார்த்தாச்சு. நம்ம கையால இழுத்து, வெட்டி, தைச்சு, அது மேல ஒரு மனுஷன் உட்கார்ற மாதிரி ஒண்ணு பண்ணிடணும்னு ஒரு வெறி. உங்களுக்கும் இருக்கும்தானே?

வீட்டில் ஒரே ஒருத்தர்தான் சிரிக்கவே இல்லை. பாட்டி.

“தோலா? அதை வீட்டுக்குள்ள கொண்டு வராதே. சொல்லிட்டேன்.”

“உங்க செருப்பும் தோல்தானே பாட்டி?”

“அது வாசல்லதானே கிடக்கு!”

லாஜிக்கில் பாட்டியை அடிச்சுக்க முடியாது. “சரி, அத்தை பையனோட மிருதங்கம்? அதுக்கு சரஸ்வதி பூஜையன்னிக்குப் பொட்டெல்லாம் வெக்கிறீங்களே. அதுல பசு, எருமை, ஆடுன்னு மூணு தோல் இருக்கே?” என்றேன். “அது வாத்தியம்” என்று முடித்துக்கொண்டார்.

இதில் பெரிய காமெடி என்ன தெரியுமா? பாட்டி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் குடியிருப்பது குரோம்பேட்டை. ‘குரோம் லெதர் கம்பெனி’ என்ற தோல் தொழிற்சாலை இருந்ததால் வந்த பெயர் அது. லெட்டர் போட்டாலும், ரேஷன் கார்டைக் காட்டினாலும், பாட்டியின் அட்ரஸிலேயே தோல் இருக்கிறது!

சரி, தோல் எங்கே வாங்குவது? சென்னையில் இதற்கு ஒரே பதில், பெரியமேடு. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், சைடன்ஹாம்ஸ் ரோடைச் சுற்றி வரிசையாகத் தோல் கடைகள். ஷூவுக்கு, பைக்கு, பெல்ட்டுக்கு, சோபாவுக்கு என்று விதவிதமாக அடுக்கி வைத்திருப்பார்கள். கிளாஸ் வாட்ஸ்-அப் குரூப்பில், ‘சனிக்கிழமை பெரியமேடு போறேன், யாராவது கம்பெனி குடுங்கப்பா’ என்று போட்டேன். எல்லாரும் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்கள். ஒருத்தன் மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பினான். ‘நான் வரேன். நான் சொல்றதுக்கு முன்னாடி விலை பேசாதே.’

அவன் ஆம்பூர் பக்கம். மூணு வருஷமா கடைசிக்கு முந்தின பெஞ்ச். அதிகம் பேச மாட்டான். ஃபர்ஸ்ட் இயரில் எல்லாரும் அறிமுகம் செய்துகொண்டபோது, ‘அப்பா ஒரு கம்பெனில சூப்பர்வைஸர்’ என்றான். என்ன கம்பெனி என்று யாரும் கேட்கவில்லை. பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டதால், இந்தக் கட்டுரை முழுக்க அவன் ‘அவன்’தான்.

பெரியமேட்டில் முதல் கடையிலேயே அவன் வேறு ஆளாக மாறிவிட்டான். கடைக்காரர் விரித்துப் போட்ட தோலை நான் முன்பக்கம் தடவிக்கொண்டிருக்க, அவன் புரட்டிப் போட்டுப் பின்பக்கம் பார்த்தான். மூலையை நாலாக மடித்துக் கட்டை விரலால் அழுத்தினான். மோந்து பார்த்தான். ரெண்டு கையாலும் ஒரு இடத்தைப் பிடித்து இழுத்துவிட்டு, “இங்க பாரு, விட்டா திரும்பிப் போக மாட்டேங்குது. இது வயிறு. இதுல சீட் தைச்சா ஒரே வருஷத்துல தொளதொளன்னு ஆயிடும். இது முதுகு. இதுதான் கெட்டி. உட்கார்ற இடம், சாயற இடம் ரெண்டையும் இங்கதான் எடுக்கணும். வயித்துப் பக்கம் சைடுக்குப் போதும்” என்றான்.

நம்ம மெட்டீரியல்ஸ் பாடத்தில் ‘எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாத பொருள்’ என்று ஒரு சமாசாரம் வருமே... அனைசோட்ரோபிக். ரெண்டு மார்க் கேள்வி. அதைக் கையால தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கழுத்துப் பக்கம் ஒரு பளபளப்பான தழும்பைக் காட்டினான். “நுகத்தடி பட்ட இடம். இது வண்டி இழுத்திருக்கு.” குட்டிக் குட்டிப் புள்ளிகள்? உண்ணி கடித்தது. நீளக் கோடு? முள்வேலி. எருமையோட மொத்த பயோடேட்டாவும் அதில் இருந்தது. இதையெல்லாம் மறைக்கத்தான் பல தோல்களின் மேலே கெட்டியாக பெயின்ட் பூசி, அச்சு வைத்து, ஒரே மாதிரி வரி வரியாக ஆக்கிவிடுகிறார்கள். ‘குறையே இல்லாம இருக்கே!’ என்று நாம் ஆசைப்பட்டு எடுக்கிற தோல், பெரும்பாலும் நிறைய மேக்கப் போட்ட தோல்!

கடைக்காரரே அசந்துபோய், “தம்பிக்கு எந்த ஊரு?” என்றார். ஊரைச் சொன்னான். “அதானே பார்த்தேன்” என்று விலையைக் குறைத்தார். விலையை இங்கே எழுத மாட்டேன், அடுத்த மாசமே பொய்யாகிவிடும். தோல் சதுர அடிக் கணக்கு. ஒவ்வொன்றின் பின்பக்கமும் அளவு குறித்திருக்கும். கார் சீட்டுக்கு 1 மில்லி மீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே கனம் இருந்தால் போதும். அதைவிட தடி என்றால் மூலையில் மடங்காது. ரெண்டு முன்சீட்டுக்கும் 40 சதுர அடி எடுத்தோம். தோல் என்பது புடவை மாதிரி நீள்சதுரம் இல்லை. கால், கழுத்து, வால் என்று வளைந்து நெளிந்து இருக்கும். கால்வாசி வேஸ்ட் ஆகும் என்று கணக்கு வைத்துத்தான் வாங்க வேண்டும்.

ரிட்டர்ன் டிரெயினில், தோல் சுருளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். “இவ்ளோ தெரிஞ்சிருக்கு. இத்தனை நாள் சொல்லவே இல்லையேடா?”

ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான். “எங்கப்பா டேனரில வேலை. டிரம் செக்‌ஷன். ஸ்கூல்ல ஒருத்தன் என் பக்கத்துல உட்கார மாட்டேன்னு சொன்னான். நாத்தம் அடிக்குதாம். அப்பா வேலை முடிஞ்சதும் அங்கேயே குளிச்சுட்டுத்தான் வீட்டுக்கே வருவார். என்மேல எப்படிடா அடிக்கும்? அப்பவே முடிவு பண்ணிட்டேன். கம்பெனின்னா கம்பெனி. அவ்ளோதான்.”

பல்லாவரம் வந்தது. நாங்கள் அப்புறம் தையலைப் பற்றி மட்டும் பேசினோம்.

வேலைக்கு வருவோம். நீங்களும் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதை கட் பண்ணி வெச்சுக்கோங்க.

முதல் வேலை, சீட்டைக் கழற்றுவது. பழைய 800-ல் நாலு போல்ட்டைக் கழற்றினால் சீட் கையோடு வந்துவிடும். ஆனால், உங்களுடையது புது மாடல் காராக இருந்தால் உஷார்! சீட்டுக்கு அடியில் வயர்கள் இருக்கும். சில கார்களில் சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கும். அதுக்கு மேல தோலைப் போட்டுத் தைத்தால், ஆபத்து நேரத்தில் பை வெளியே வராது. அந்த சீட்டெல்லாம் நம்ம விளையாட்டுப் பொருள் இல்லை, விட்டுடுங்க.

அடுத்தது, பழைய கவரை உரிப்பது. ஃபோமோடு கவரைப் பிடித்து வைத்திருப்பது குட்டிக் குட்டிக் கம்பி வளையங்கள். குறட்டால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கணும். உரித்த கவரைக் குப்பையில் போட்டுடாதீங்க, அதுதான் உங்க மேப்! தையலைப் பிரிப்பதற்கு முன்னால், இரண்டு துண்டு சேருகிற இடத்தில் ரெண்டு இன்ச்சுக்கு ஒரு கோடு, தையலுக்குக் குறுக்கே மார்க்கரால் போடுங்கள. திரும்பச் சேர்க்கும்போது கோடும் கோடும் சந்தித்தால் சரி. ஒவ்வொரு துண்டிலும் இடமா வலமா, மேலே எது, கீழே எது என்று எழுதுங்கள். அப்புறம்தான் பிரிக்கணும். ஒரு சீட்டில் இத்தனை துண்டுகளா என்று அசந்துபோவீர்கள். துண்டுகளை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கி, சார்ட் பேப்பரில் வரைந்து, தையலுக்காகச் சுற்றி அரை இன்ச் விட்டு வெட்டினால் டெம்ப்ளேட் ரெடி.

இதுக்கு நடுவுல ஃபோமையும் பாருங்க. பள்ளம் விழுந்த ஃபோம் மேல எவ்வளவு நல்ல தோலைப் போட்டாலும் ஒரே மாசத்தில் சுருங்கிவிடும். பள்ளத்தைச் சதுரமாக அறுத்து எடுத்துவிட்டு, கெட்டி ஃபோம் வைத்து ஒட்டினோம்.

வெட்டுகிற வேலை எங்கள் மொட்டை மாடியில் நடந்தது. தோல் வீட்டுக்குள் வரக்கூடாது அல்லவா? வாசல் வழியாகக்கூட வராமல், பக்கத்துப் படிக்கட்டு வழியாகவே மாடிக்குப் போனது. துணி வெட்டுவது போல குண்டூசி குத்தி வைக்க முடியாது. துணியில் ஊசி போட்ட ஓட்டை மறைந்துவிடும், தோலில் அது காலத்துக்கும் நிற்கும். டெம்ப்ளேட் மேல செங்கல்லை வைத்து, வெள்ளி கலர் பேனாவால் வரைந்து, பிளேடால் வெட்டினோம். தழும்பு இருக்கிற இடத்தை ஒதுக்கி, முதுகில் பெரிய துண்டு, வயிற்றில் சின்னத் துண்டு என்று அவன் டெம்ப்ளேட்களை நகர்த்தி நகர்த்தி வைத்ததைப் பார்க்கணுமே... செஸ் ஆடுகிற மாதிரி ஒரு மணி நேரம். அப்புறம்தான் முதல் வெட்டு.

மதியம் சாப்பிடக் கூப்பிட்டார் அம்மா. கீழே வந்தோம். கை கழுவிவிட்டு உட்கார்ந்தோம். நாலு எவர்சில்வர் தட்டு வைத்திருந்தது.

பாட்டி வழக்கமான விசாரணையை ஆரம்பித்தார். எந்த ஊர், கூடப் பிறந்தவங்க எத்தனை பேர், கடைசியாக... “அப்பா என்ன பண்றார்?”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். ‘கம்பெனி’ என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தான். பிறகு, “டேனரில பாட்டி. தோல் பதப்படுத்தற வேலை” என்றான்.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு வாழை இலை. அமாவாசைக்கு வாங்கின கட்டில் மிச்சம். அவன் முன்னால் இருந்த தட்டை எடுத்துவிட்டு இலையைப் போட்டார்.

இலை போடுவது மரியாதைதான். விருந்தாளிக்கு இலை போடுவோம். ஆனால், எங்கள் மூணு பேருக்கும் தட்டு, அவனுக்கு மட்டும் இலை என்றால் அதற்கு வேற அர்த்தம். சாப்பிட்டதும் தூக்கிப் போட்டுவிடலாம், கழுவி உள்ளே வைக்க வேண்டாம் என்ற அர்த்தம். அது அவனுக்குப் புரிந்தது என்பதும் எனக்குப் புரிந்தது. என் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது.

அம்மா எதுவுமே பேசவில்லை. கிச்சனுக்குள் போனார். மீதி இருந்த இலைகளோடு வந்தார். அப்பாவின் தட்டை எடுத்தார், இலை. என் தட்டு, இலை. தன் இடத்தில் ஒரு இலை. கடைசியாக, பாட்டி உட்காருகிற இடத்திலும் ஒரு இலை. தண்ணீர் தெளித்தார். “ஞாயித்துக்கிழமைதானே, எல்லாருமே இலையில சாப்பிடலாம்” என்று சாம்பார் வாளியை எடுத்தார்.

ஐந்து பேரும் இலையில் சாப்பிட்டோம். அவன் ரெண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கினான். பாட்டிதான் ஊற்றினார்.

இதை எதுக்கு இவ்வளவு நீட்டிச் சொல்றேன் தெரியுமா பாஸ்? லெதர் சீட்டுன்னா கெத்து. லெதர் ஜாக்கெட்டுன்னா ஹீரோ. லெதர் ஷூ போட்டாத்தான் கேம்பஸ் இன்டர்வியூவுக்கே ஒரு லுக். ஆனா, அந்தத் தோலைத் தொட்டு நமக்குக் கொடுக்கிற கை மட்டும் மட்டம். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2020-ல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அவரும் இதைத்தான் கேட்கிறார். மேடையில் வாசிக்கிறவருக்குக் கைத்தட்டல், தோலை இழுத்துக் கட்டினவர் யாரென்றே தெரியாது. தீண்டாமையை ஒழித்து அரசியல் சட்டத்தில் 17-வது பிரிவு எழுதியாச்சு. அது அமலுக்கு வந்தது 1950-ல். எங்க வீட்டுக்கு அன்னிக்கு மதியம்தான் கொஞ்சம் வந்து சேர்ந்தது.

சாப்பிட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்தபோதுதான் டேனரியில் என்ன நடக்கும் என்று கேட்டேன். உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலைக் கழுவி, சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடியை எடுத்து, சதையைச் சீவி, பெரிய மர டிரம்மில் குரோமியம் உப்போடு போட்டுச் சுற்றுவார்கள். தோலில் இருக்கிற கொலாஜன் புரத நார்களை குரோமியம் ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அப்புறம் அது அழுகாது. டிரம்மிலிருந்து எடுக்கும்போது வெளிர் நீலமாக இருக்கும், அதனால் பெயரே ‘வெட் ப்ளூ’. ஒரு நாள் வேலை. அந்தக் காலத்தில் இதையே மரப்பட்டையில் வாரக்கணக்கில் ஊறவைத்துச் செய்தார்கள். கருவேலம் பட்டை, கடுக்காய், ஆவாரம் பட்டை. ஆமாம், பொங்கலுக்குக் காப்புக் கட்டுறோமே, அதே ஆவாரம்பூச் செடிதான்!

“அப்ப குரோம்தான் பெஸ்ட்?” என்றேன்.

“சீட்டுக்கு பெஸ்ட். எங்க ஆத்துக்கு?” என்றான்.

பாலாறு. தோலில் இருந்து கழுவின உப்பும் கழிவும் எத்தனையோ வருஷம் நிலத்தடி நீரில் இறங்கினது. வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கெடுத்தவர்தான் காசு கொடுத்துச் சரி பண்ணணும் என்கிற ‘பொல்யூட்டர் பேஸ்’ கொள்கை, இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதிதான் என்றது. நம்ம என்விரான்மென்ட்டல் சயின்ஸ் பேப்பரில் மனப்பாடம் பண்ணுகிற வார்த்தை, நம்ம பக்கத்து ஊர் வழக்கிலேயே இருக்கு! பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்தன. ஆனால், 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் அப்படி ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். “நியூஸைப் பார்த்துட்டு அப்பா அன்னிக்கு சாப்பிடலை. மறுநாள் வேலைக்குப் போயிட்டார். போகாம எப்படி?” என்றான்.

‘அப்படின்னா லெதரே வேணாம், ரெக்சின் போதும்’னு நீங்க சொல்லலாம். ரெக்சின் மட்டும் என்ன, மண்ணில் மக்காத பிளாஸ்டிக். எனக்கு இதுக்கு சுலபமான பதில் தெரியலை. அவன் சொன்னதை மட்டும் சொல்றேன். “எடுத்தாச்சுன்னா ஒரு துண்டுகூட வீணாக்காதே. தைச்சா இருபது வருஷம் நிக்கிற மாதிரி தை.”

அதனால் தையல் விஷயத்தில் ரிஸ்க் எடுக்கவில்லை. வீட்டு மெஷினில் இது நடக்காது. மேல் துண்டு நகராது, கீழ் துண்டு ஓடிவிடும். புதுப்பேட்டையில் ஒரு குஷன் கடை பாயிடம் போய் நின்றோம். “இன்ஜினீயரிங் படிக்கிற பசங்க... உங்களுக்கு எதுக்கு தம்பி இது?” என்று சிரித்தார். வெட்டின துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “யார் வெட்டினது?” நான் அவனைக் காட்டினேன். “நாளைக்கு சாயங்காலம் வாங்க. கடை முடிஞ்சப்புறம் மெஷினை எடுத்துக்கோங்க” என்றார்.

அந்த மெஷினில் மேல் பாதம், கீழே இருக்கிற பல், ஊசி மூன்றும் சேர்ந்து ஒன்றாக நகரும். அதனால்தான் ரெண்டு தோலும் ஒன்றையொன்று விட்டு ஓடாது. பாய் சொல்லிக்கொடுத்த சூத்திரங்கள் இதோ. ஊசி 18 அல்லது 20-ம் நம்பர். நூல் நைலான் அல்லது பாலியஸ்டர், பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். தையல் நெருக்கமா இருந்தா ஸ்ட்ராங் என்று நினைக்காதீங்க. இன்ச்சுக்கு ஆறு தையல் போதும். அதற்கு மேல் போட்டால் ஓட்டை வரிசை ஸ்டாம்ப் ஓரம் மாதிரி ஆகி, இழுத்தால் டர்ரென்று கிழிந்துவிடும். தையல் முடிகிற இடத்தில் ரிவர்ஸ் அடிக்கக் கூடாது. நூலைப் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போடணும்.

முதல்ல மிச்சத் துண்டில் ரெண்டு சாயங்காலம் வெறும் நேர்க்கோடு. மூணாவது நாள் வளைவு. அப்புறம்தான் சீட் துண்டு. பாய் பக்கத்தில் டீ குடித்தபடி, “கையால தள்ளாதே தம்பி. மெஷின் இழுக்கும், நீ வழி மட்டும் காட்டு” என்பார். பன்னிரண்டு வயசில் ஸ்டூல் போட்டு ஏறி மெஷினில் உட்கார்ந்தவராம். அவர் தைக்கும்போது ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மடிப்பின் ரெண்டு பக்கமும் ஓடுகிற இரட்டைத் தையல், ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே இடைவெளி. எந்த சென்ஸாரும் கிடையாது. கண்ணும் காலும்தான்.

கவரை மாட்டுவதுதான் கடைசி யுத்தம். மொட்டை மாடி வெயிலில் அரை மணி நேரம் கவரைக் காயவையுங்கள், தோல் இளகும். ஃபோம் மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டால் கவர் வழுக்கிக்கொண்டு இறங்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து வளையத்தைப் போடணும். அவன் இழுக்க, நான் வளையம் போட, ரெண்டு பேர் விரலும் சிவந்துபோச்சு. கடைசிச் சுருக்கங்கள் ஹேர் டிரையர் சூட்டில் போயின. சீட்டை வண்டியில் மாட்டி, போல்ட்டை நன்றாக முறுக்கி, தண்டவாளத்தில் முன்னே பின்னே தள்ளி ‘க்ளிக்’ என்று லாக் ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஓட்டணும். மொத்தம் ஏழு வாரம், ஞாயிறும் சாயங்காலமுமாக.

அப்பா உட்கார்ந்து பார்த்தார். ரெண்டு தரம் எழுந்து உட்கார்ந்தார். வண்டியை விற்கிற பேச்சு அப்புறம் வரவே இல்லை.

பாட்டி? அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு முன்சீட்டில்தான் வந்தார். வழி முழுக்க சீட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். “என்னடா இது... கன்னுக்குட்டி முதுகு மாதிரி இருக்கு.”

“மாதிரி இல்ல பாட்டி” என்றேன். முறைத்தார். கையை எடுக்கவில்லை.

பாட்டி அடியோடு மாறிட்டாங்கன்னு சினிமா கிளைமாக்ஸ் எல்லாம் இல்லை. மிச்சத் தோல் இன்னும் மாடியில்தான் இருக்கு, வீட்டுக்குள்ள வரலை. ஆனா, அவன் போன வாரம் வந்தப்ப அவனுக்கும் எனக்கும் காபி ஒரே மாதிரி டம்ளரில் வந்தது. கொண்டு வந்தது பாட்டி.

அவன் இப்போ அடையாறு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறான். அங்கே 1948-ல் ஆரம்பித்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், சி.எல்.ஆர்.ஐ. இருக்கிறது. அண்ணா யுனிவர்சிட்டியில் லெதர் டெக்னாலஜி என்று தனிப் படிப்பே இருக்கிறது. குரோமியத்தைக் குறைத்து, உப்பில்லாமல் தோல் பதப்படுத்த ஏதாவது வழி பண்ணணும்னு மேல படிக்கிற ஐடியா. “அப்பா டிரம்முல நிக்கிறார். அந்த டிரம்முக்குள்ள என்ன போகணும்னு நான் முடிவு பண்றேன்” என்றான். பெயரைப் போடட்டுமா என்று மறுபடி கேட்டேன். “இப்ப வேணாம். டேனரின்னு போட்டியா? போதும்” என்றான்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. உங்க கிளாஸில் ‘அப்பா கம்பெனியில’ என்று சொல்லிவிட்டு மேலே பேசாத ஒருத்தர் இருப்பார். துருவித் துருவிக் கேட்காதீங்க, அது விசாரணை. ஒரு வேலையைச் சேர்ந்து ஆரம்பிங்க. சைக்கிளோ, பழைய ரேடியோவோ, எதுவோ. சொல்லணும்னு தோணினா அவங்களே சொல்வாங்க.

எங்களுக்குப் பின்சீட் பாக்கி இருக்கு. அடுத்த ஞாயிறு பெரியமேடு, அதுக்கடுத்த ஞாயிறு மாடியில் கட்டிங். செங்கல் பிடிக்க, வளையம் போட ஆள் வேணும். கத்துக்கணும்னு ஆசை இருந்தா குரோம்பேட்டைக்கு வந்துடுங்க. மதியச் சாப்பாடு நம்ம வீட்டில்.

எல்லாருக்கும் இலைதான்!